பதுளையில் தொடங்கும் விமானப் பயணம்

"வீட்டுக்குச் சென்று நாளை இதே நேரத்துக்கு வாருங்கள்." விமானம் இரத்தாகும்போது கட்டுநாயக்காவில் பயணிகள் அடிக்கடி கேட்கும் வாசகம் இது. கொழும்பிலோ நீர்கொழும்பிலோ வசிப்பவருக்கு இது ஓர் அசௌகரியம் மாத்திரமே. முச்சக்கர வண்டியொன்றில் ஏறி வீடு சென்று, உறங்கி எழுந்து, மறுநாள் திரும்பிவிடலாம். பதுளையிலிருந்து வந்தவருக்கு வீடு சுமார் 250 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கின்றது. பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பகுதித் தோட்டங்களிலிருந்து வந்தவருக்கு அதனினும் தொலைவில். அவர் வீடு சென்று சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். சேர்ந்த கையோடு மீண்டும் புறப்பட்டால்தான் மறுநாள் விமானத்தைப் பிடிக்கலாம்.

பதுளை நகரில் புடைவை வணிகம் செய்யும் இக்கட்டுரையாளர் ஆண்டுக்கு ஆறேழு தடவை சென்னை சென்று வருபவர். வானில் இருக்கும் நேரம் ஒன்றேகால் மணித்தியாலம் அளவில்தான். அதற்காகத் தரையில் செலவாகும் நேரமோ போக்குவரத்துக்கு மாத்திரம் ஒரு முழு நாளுக்குச் சற்றுக் குறைவு. சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒருநாள் அதிகாலை மேற்படி வாசகத்தைக் கேட்டு நின்றபோது, அதே வரிசையில் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த பெண்ணொருவரும் நின்றார். எமது கடைக்கு வந்து போனவர் என்பதால் அடையாளம் கண்டு, "முதலாளி, இவங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். அறிவித்தல் தமிழில் வரவில்லை. அவர் அந்த விமானத்தில் இந்தியா சென்று, அங்கிருந்து வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் வளைகுடாவுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்ல இருந்தவர். இரண்டும் தனித்தனியே வாங்கப்பட்ட சீட்டுகள். முதலாவது விமானம் நின்றதும் இரண்டாவது சீட்டு வெறுங் காகிதமாயிற்று. முகவரின் தொலைபேசி அன்று மாலைவரை மௌனம். ஆறு நாட்களின் பின்னரே அப்பெண் பயணமானார் எனவும், புதிய சீட்டின் விலை அவரது சம்பளத்தில் கழிக்கப்பட்டது எனவும் பின்னர் அவரது தாயார் கடையில் வந்து கூறினார்.

விமானத் தடங்கல் பற்றி ஊடகங்களில் எழுதப்படுபவை பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளையும் கொழும்பு வர்த்தகர்களையும் மனத்திற் கொண்டவை. ஊவாவிலிருந்து யார் விமானம் ஏறுகிறார்கள் என்ற கேள்வி எழுவதில்லை. இரண்டாண்டு ஒப்பந்தத்தில் சவூதிக்கும் குவைத்துக்கும் கட்டாருக்கும் செல்லும் தோட்டத்துப் பிள்ளைகள், விடுமுறையில் வந்து திரும்பும் சாரதிகள், வெலிமடை, பண்டாரவளை, பதுளை ஊர்களிலிருந்து குழுக்களாக உம்றாவுக்குச் செல்வோர், தமிழகத்தில் உறவுகளை உடைய இந்திய வம்சாவளிக் குடும்பங்கள், சென்னையில் சரக்கெடுக்கும் சிறு வணிகர்கள் ஆகியோரே இங்கிருந்து செல்பவர்களில் பெரும்பாலானோர். வசதிக்காக அன்றி வேறு வழியின்மையால் விமானத்தை நாடுபவர்கள் இவர்கள். தவறிய ஒரு நாளை ஈடுசெய்யும் கையிருப்பு இவர்களில் அநேகரிடம் கிடையாது.

இவர்களது பயணம் பதுளை பஸ் நிலையத்தில் தொடங்குகின்றது. 99 ஆம் இலக்க பஸ் பண்டாரவளை, ஹப்புத்தளை, பெரகலை, பலாங்கொடை, இரத்தினபுரி வழியாக ஏழெட்டு மணித்தியாலம் ஓடிக் கொழும்பை அடையும். அங்கிருந்து கட்டுநாயக்காவுக்கு வேறு பஸ். 1924 இல் பதுளையை வந்தடைந்த புகையிரதப் பாதையோ சுமார் 290 கிலோமீற்றர். ஒன்பது பத்து மணித்தியாலப் பயணம். வெளிநாட்டவர் எல்லவில் இறங்கிப் படம் பிடிக்கும் அதே வண்டியில்தான் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு தோட்டத்துப் பிள்ளை விமானம் ஏறச் செல்கின்றது. வான் பிடித்துச் செல்லலாம்தான். அதன் வாடகை தோட்டத் தொழிலாளியின் பல நாட் சம்பளம். அடிப்படை நாட் சம்பளம் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டதே 2024 செப்டெம்பரில்தான் என்பதை இவ்விடத்தில் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இப்பாதையின் இயல்பை அறிந்தவர்கள் ஊவாவின் மழைக்காலத்தையும் அறிவர். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை இங்கே வடகீழ்ப் பருவக்காற்றும் அதற்கு முந்திய இடைப்பருவ மழையும் பெய்யும். ஹல்துமுல்லை, கொஸ்லாந்தைப் பகுதிகள் அக்காலத்தில் எப்போதும் அச்சத்திலேயே இருப்பவை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன் வரிசைகள் மண்ணுள் மறைந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எதிர்ப்புறத்தில் தென்மேல் பருவ காலத்தில் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கும். ஆகவே ஆண்டில் பாதிக்கும் மேற்பட்ட காலம் இவ்வீதியின் ஏதோ ஓர் அந்தம் ஐயத்துக்குரியது. அடிக்கடி பறக்கும் பதுளைக்காரர் விமான அட்டவணையைப் பார்ப்பதற்கு முன்னர் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்கப் பழகியிருக்கிறார். மஞ்சள் என்றால் ஒருநாள் முன்னதாக, செம்மஞ்சள் என்றால் இரண்டு நாள் முன்னதாகப் புறப்படுவது எமது சொந்தக் கணக்கு. சிவப்பு வந்துவிட்டால் கணக்கேதும் செல்லாது.

2025 நவம்பர் இறுதியில் அதுவே நிகழ்ந்தது. நவம்பர் 28 ஆம் திகதி கிழக்குக் கரையில் தரை தட்டிய டித்வா சூறாவளி நாடெங்கும் அறுநூறுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. பதுளை மாவட்டத்தில் மாத்திரம் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைச்சரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. மலையகப் புகையிரதப் பாதை பல இடங்களில் மண்ணுள் புதைந்தும் அடித்தளமின்றி அந்தரத்தில் தொங்கியும் போனது. வீதிகள் அறுந்தன. மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமற் போயின.

கட்டுநாயக்கா விமான நிலையம் அந்நாட்களில் முற்றாக மூடப்படவில்லை என்பதே இங்கு முக்கியமானது. சில விமானங்கள் மத்தளைக்கும் தென்னிந்திய விமான நிலையங்களுக்கும் திருப்பப்பட்டன, பல தாமதமாயின, சில இரத்தாயின, ஆயினும் பல விமானங்கள் புறப்பட்டுச் சென்றன. சிக்குண்ட தம் பிரஜைகளுக்காக இந்தியத் தூதரகம் விமான நிலையத்திலேயே உதவி மேசையொன்றை அமைத்தது. இந்திய விமானப்படை விமானங்களில் அவர்களிற் பலர் அழைத்துச் செல்லப்பட்டனர். பாராட்டத்தக்க செயல். விமான நிலையத்தை வந்தடையவே முடியாமல் ஹாலிஎலயிலும் வெலிமடையிலும் தடைப்பட்டு நின்ற எமது பயணிகளுக்கு மேசை போட எவரும் இருக்கவில்லை. உயிர்களைத் தேடிக்கொண்டிருந்த வேளையில் விமானச் சீட்டைப் பற்றிப் பேசுவது பொருத்தமற்றதாக அன்று தோன்றியிருக்கலாம். ஆனால் அச்சீட்டுகளின் விளைவுகள் சூறாவளியோடு போய்விடவில்லை.

ஏனெனில் விமானத் துறையின் மொழியில் தடங்கல் என்பது விமானம் வராதிருப்பது. பயணி வராதிருப்பது தடங்கலன்று. அது அவரது தவறு. வந்து சேராத பயணி என்று பதிவாகும் கணத்தில், பெரும்பாலான சீட்டுகளின் நிபந்தனைப்படி, அச்சீட்டின் எஞ்சிய பகுதிகளும் இரத்தாகிவிடும். ஒரு பயணத்தைத் தவறவிட்டவர் திரும்பி வரும் இருக்கையையும் இழப்பார். எசமானர் வாங்கிக் கொடுத்த சீட்டில் விடுமுறைக்கு வந்த தொழிலாளி திரும்பும் நாளைத் தவறவிட்டால் புதிய சீட்டு பெரும்பாலும் அவர் தலையில்தான் விழும். விமானம் நின்றால் பதில் சொல்ல ஒருவர் உண்டு. வீதி நின்றால் எவருமில்லை. கொழும்புப் பயணிக்கும் ஊவாப் பயணிக்கும் இடையிலுள்ள வேறுபாடு இதுவே.

2022 ஆம் ஆண்டு எரிபொருள் நெருக்கடி இதை இன்னொரு விதமாகக் காட்டியது. நாட்டில் விமான எரிபொருள் போதாதபோது ஸ்ரீலங்கன் விமானங்கள் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றன. பசறையிலிருந்து புறப்பட வேண்டிய வான் எங்கே சென்று நிரப்புவது? ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என அரசாங்கம் அறிவித்த நாட்களில், வெளிநாட்டுக்குச் செல்லும் தொழிலாளி டொலர் கொண்டு வருபவர் என்று மேடைகளில் புகழப்பட்டார். அவரை விமான நிலையத்துக்குக் கொண்டு சேர்க்கும் வாகனத்துக்கோ டீசல் வரிசையில் இடம் தேட வேண்டியிருந்தது.

தடங்கல்கள் இனிக் குறையும் என்று எண்ணுவதற்கும் இடமில்லை. 2017 இல் ஓடுபாதைப் புனரமைப்புக்காகக் கட்டுநாயக்கா மூன்று மாதம் பகல் வேளைகளில் மூடப்பட்டது. 2020 மார்ச் 19 முதல் 2021 ஜனவரி 21 வரை வருகைப் பயணிகளுக்கு வழமையான சேவை இருக்கவில்லை; வளைகுடாவில் வேலையிழந்த எமது மக்கள் மீட்பு விமானங்களுக்காகப் பெயர் கொடுத்துக் காத்திருந்தனர். 2023 இல் ஸ்ரீலங்கன் நிறுவனத்தின் சில விமானங்கள் இயந்திரமின்றித் தரித்து நின்றமையால் அட்டவணை குலைந்தது. 2025 ஜூன் 23 ஆம் திகதி ஈரானிய ஏவுகணைகள் அல் உதெய்த் தளத்தை நோக்கி வந்த இரவில் கட்டார் தன் வான்பரப்பைச் சில மணித்தியாலம் மூட, தோஹா ஊடாகச் செல்லும் உலகப் பயணங்களெல்லாம் சிதறின. அதே ஆண்டு டிசெம்பர் முற்பகுதியில் விமானிகளின் ஓய்வு நேரம் தொடர்பான புதிய விதிகளுக்குத் தயாராகாத இன்டிகோ நிறுவனம் ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களை இரத்துச் செய்தது. இவை ஒவ்வொன்றின் காரணமும் வேறு. ஆனால் எதுவாயினும் அதன் அலை பதுளைவரை வந்து மோதுகின்றது.

சட்டம் என்ன சொல்கின்றது என்பதை எமது பயணிகள் அறிந்திருப்பது நல்லது. 1999 ஆம் ஆண்டு மொன்றியல் சமவாயம் 2019 ஜனவரி முதல் இலங்கைக்கும் நடைமுறையில் உள்ளது. இந்தியா, சவூதி அரேபியா, குவைத், கட்டார், ஐக்கிய அரபு அமீரகம் ஆகியனவும் அதன் உறுப்பு நாடுகள். அதன் 19 ஆவது உறுப்புரை, தாமதத்தினால் ஏற்படும் இழப்புக்கு விமான நிறுவனம் பொறுப்பு என்கின்றது. இழப்பைத் தவிர்க்க நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுத்ததாக அல்லது எடுக்க இயலாதிருந்ததாக நிறுவனம் நிரூபித்தால் மாத்திரமே விலக்கு. பயணி ஒருவருக்கான உச்ச வரம்பு 2024 டிசெம்பர் 28 முதல் 6,303 விசேட எடுப்பனவு உரிமை அலகுகள். அதாவது 8,000 அமெரிக்க டொலருக்கும் அதிகம். இது தானாகக் கையில் வந்து விழும் தொகையன்று. இழப்பை ரசீதுகளுடன் நிரூபிக்க வேண்டும். இரண்டாண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். ரசீதை எறிந்துவிட்டுப் புலம்புவதில் பயனில்லை என்பதை இக்கட்டுரையாளர் சொந்தப் பணத்தைச் செலவழித்துக் கற்றுக்கொண்டார்.

ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒருபடி மேலே சென்றுள்ளது. 2005 முதல் நடைமுறையிலுள்ள அதன் விதி, இழப்பீட்டையும் பராமரிப்பையும் வேறுபடுத்துகின்றது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வானம் மூடப்பட்டபோது, போர்த்துக்கலில் சிக்குண்ட அயர்லாந்துப் பயணியொருவர் உணவுக்கும் தங்குமிடத்துக்கும் செலவிட்ட சுமார் 1,130 யூரோவைக் கேட்டு வழக்குத் தொடர்ந்தார். எரிமலை இயற்கையின் செயல், நாம் பொறுப்பல்ல என்றது விமான நிறுவனம். இழப்பீடு கொடுக்க வேண்டியதில்லை, ஆனால் உணவும் உறைவிடமும் கொடுக்கும் கடமை எரிமலை வெடித்தாலும் ஒழியாது என்று 2013 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யார் குற்றவாளி என்பதற்கு முன்னர் யார் பட்டினி கிடக்கிறார் என்று பார்க்கும் இந்த நியாயம் எமக்கு மிகவும் வேண்டியது.

எனினும் மொன்றியலாயினும் பிரசல்ஸாயினும் விமானப் பயணத்தை விமான நிலையத்தில் தொடங்கி விமான நிலையத்தில் முடிப்பவையே. பெரகலையில் விழுந்த மண் எந்தச் சமவாயத்துக்கும் உட்பட்டதன்று.

இந்நிலையில் அடிக்கடி பறப்பவர்கள் தாமாகவே சில வழக்கங்களை வளர்த்துக்கொண்டுள்ளனர். அவற்றுள் முதன்மையானது தொலைபேசி இலக்கம் பற்றியது. சீட்டு வாங்கும்போது முகவர்கள் தமது இலக்கத்தையும் மின்னஞ்சலையும் பதிந்துவிடுவது வழமை. விமானம் இரத்தானதாகவோ நேரம் மாறியதாகவோ நள்ளிரவில் வரும் குறுஞ்செய்தி கொழும்பில் உறங்கிக்கொண்டிருக்கும் முகவரின் தொலைபேசிக்குப் போகும். பயணியோ அதே வேளையில் பலாங்கொடையைக் கடந்து கொண்டிருப்பார். செய்தி உரியவருக்கு நேரே வந்திருந்தால் அவர் அங்கேயே இறங்கித் திரும்பியிருப்பார். சீட்டில் பயணியின் சொந்த இலக்கம் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவதற்குப் பணம் தேவையில்லை. வாய் இருந்தால் போதும். அச்செய்தி ஆங்கிலத்தில் வருவது வேறு சங்கடம். தோட்டத்தில் படித்த பிள்ளை ஒன்றின் இலக்கத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடும் குடும்பங்களை நாம் அறிவோம். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

இரண்டாவது, மாறிச் செல்லும் பயணத்தை ஒரே சீட்டாக வாங்குவது. ஒரே முன்பதிவில் இரண்டு விமானங்களும் இருந்தால் முதலாவது தாமதித்து இரண்டாவது தவறும்போது அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்தினுடையது. தனித்தனிச் சீட்டு சில ஆயிரம் ரூபா மலிவாகக் கிடைக்கும். மேலே சொன்ன மடுல்சீமைப் பெண்ணுக்கு நேர்ந்தது அந்த மலிவின் விலை. அவர் அதைத் தெரிவு செய்யவுமில்லை. முகவர் தெரிவு செய்தார்.

விசாவின் இறுதி நாளையும் திரும்பும் நாளையும் ஒட்டி வைக்கக் கூடாது என்பதை அனுபவசாலிகள் புதியவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். வெளியேறி மீளும் விசாவில் வந்த சவூதித் தொழிலாளி அத்திகதிக்குள் திரும்பியாக வேண்டும். நீடிப்பதாயின் எசமானர் மனம் வைக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் குவைத்திலும் அமீரகத்திலும் வதிவிட உரிமை போய்விடக்கூடும். உம்றாக் குழுக்களுக்கு வேறு கணக்கு. ஒருநாள் பிந்தினால் மக்காவில் முன்பணம் கட்டிய அறையின் ஓரிரவு வீண். குழுவில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது இரவுகள். கடைசி நாளில் வீடு விட்டுப் புறப்பட்டு வீதி தடைப்பட்டு நின்ற குழுவொன்றின் வழிகாட்டி, அதன் பின் எந்தக் குழுவையும் முதல் நாளே நீர்கொழும்புக்குக் கொண்டு சென்று பள்ளிவாசல் மண்டபமொன்றில் தங்கவைத்த பிறகே நிம்மதியாக மூச்சு விடுவதாகக் கூறுவார். புறக்கோட்டையில் எமது வணிகர்களுக்கு அறிமுகமான விடுதிகள் உண்டு. தோட்டத்துப் பெண் தனியே வந்தால் எங்கே தங்குவாள்? இக்கேள்விக்கு எந்த அலுவலகத்திலும் விடையில்லை.

மரணச் செய்தி கேட்டு ஓடி வருபவர்களின் நிலை இவற்றுள் சேராது. ஜனாஸா காத்திருக்காது, தோட்டத்து மயானத்திலும் நீண்ட நேரம் வைத்திருக்க மாட்டார்கள். வளைகுடாவிலிருந்து நான்கைந்து மணித்தியாலத்தில் கட்டுநாயக்காவில் இறங்கிய மகன், அதைப்போல் இரு மடங்கு நேரம் வீதியில் கழித்து, மண் போட்ட பின்னர் வந்து நின்ற காட்சியைப் பதுளையில் கண்டவர் பலர்.

பழைய தலைமுறையினருக்கு வேறொரு பயணம் நினைவிருக்கும். 1914 இல் தொடங்கிய தனுஷ்கோடி - தலைமன்னார்க் கப்பற் சேவை புகையிரதத்துடன் இணைந்தது. சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே சீட்டு புகையிரதத்துக்கும் கப்பலுக்கும் மீண்டும் இக்கரைப் புகையிரதத்துக்கும் செல்லுபடியாகும். இர்வின், கோஷன் என்ற கப்பல்களின் பெயர்களை எமது பாட்டன்மார் உறவினர் பெயரைப்போல் உச்சரிப்பார்கள். 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்த பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த அச்சேவை 1984 இல் நின்றது. அப்பாதையை அழகுபடுத்திப் பேசுவது எமது நோக்கமன்று. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் நாடு கடத்தப்பட்டோரை மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வந்ததும் அதே பாதையில்தான். நாம் சுட்டுவது அச்சீட்டின் தன்மையை மாத்திரமே. தரையும் கடலும் ஒரே பயணமாகக் கணிக்கப்பட்டன.

இது பழங்கதையன்று. ஜேர்மனியில் லுஃப்தான்சா நிறுவனம் புகையிரதப் பயணத்தை விமானச் சீட்டின் பகுதியாகவே விற்கின்றது. அவ்வாறு வாங்கியவரின் புகையிரதம் பிந்தி விமானம் தவறினால் அடுத்த விமானத்தில் இடம் கொடுப்பது நிறுவனத்தின் கடமை. நாட்டின் கடைக்கோடியில் வசிப்பவரும் விமானப் பயணிதான் என்ற எண்ணமே அதன் அடிப்படை. பதுளை - கட்டுநாயக்கா நேரடி பஸ் ஒன்றை இவ்வாறு விமானச் சீட்டுடன் இணைப்பதற்கு விண்வெளித் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. வளைகுடாவுக்குச் செல்லும் நிறுவனங்கள் இலங்கைத் தொழிலாளரின் சீட்டுகளால் வருவாய் ஈட்டுபவை. இலங்கைப் போக்குவரத்துச் சபையிடம் பஸ் உண்டு.

ஊவாவுக்கு அருகே விமான நிலையம் இல்லை என்று கூறவும் முடியாது. மத்தளை இருக்கின்றது. சுமார் 209 மில்லியன் டொலர் செலவில், பெரும்பகுதி சீனக் கடனில் கட்டப்பட்டு, 2013 மார்ச் 18 இல் திறக்கப்பட்ட அந்நிலையம் எல்ல, வெல்லவாய, தணமல்வில வழியே பதுளையிலிருந்து கட்டுநாயக்காவுக்குள்ள தூரத்தில் ஏறக்குறையப் பாதிதான். திறந்த புதிதில் சேவை நடத்திய ஸ்ரீலங்கன் 2015 ஜனவரியில் விலகியது. துபாய்க்குப் பறந்த பிளைதுபாய் 2018 இல் நிறுத்தியது. இடையில் அதன் சரக்குக் களஞ்சியத்தில் நெல் மூட்டைகள் அடுக்கப்பட்டன. உலகப் பத்திரிகைகள் வெறுமையான விமான நிலையம் என்று கேலி செய்தன. நாமும் சேர்ந்து சிரித்தோம். மொனராகலையிலும் பதுளையிலும் அம்பாறையிலும் அம்பாந்தோட்டையிலும் இருந்து வளைகுடாவுக்குச் செல்வோரை முன்னிறுத்தி, வாரத்துக்கு இரண்டு விமானங்களேனும் அங்கிருந்து இயக்க முடியுமா என்று சிந்தித்தவர்கள் குறைவு. நிலையத்தைக் கட்டியவர்கள் கௌரவத்தை எண்ணினர். விமர்சித்தவர்கள் கடனை எண்ணினர். பயணியை எவரும் எண்ணவில்லை.

மத்தளையே மருந்து என்று நாம் வாதிடவில்லை. பயணிகள் குறைவாயின் விமானம் வராது. விமானம் வராவிடின் பயணிகள் சேரமாட்டார்கள். எல்ல - வெல்லவாய வீதியும் அச்சமற்ற வீதியன்று. 2025 செப்டெம்பர் 4 ஆம் திகதி இரவு அங்கே பஸ் பள்ளத்தில் வீழ்ந்து பதினைந்து பேர் மாண்டனர். ஆயினும் கட்டுநாயக்காவில் இறங்க முடியாத விமானங்கள் மத்தளையில் இறங்கும்போது, அதிலுள்ள ஊவாப் பயணி தன் வீட்டுக்கு அருகே வந்துவிட்டார். விமானம் மீண்டும் கட்டுநாயக்கா செல்லும்வரை அவரை உள்ளே இருத்திவைத்து, அங்கே இறக்கி, இரவோடிரவாக மலையேறச் செய்வது விசித்திரம். விரும்புவோர் மத்தளையிலேயே குடிவரவுப் பரிசோதனை முடித்து இறங்கலாம் என்றொரு நிரந்தர ஏற்பாடு செய்வது அவ்வளவு கடினமான காரியமா?

உடனடியாகச் செய்யக்கூடியது இதனினும் எளிது. ஒரு வீதி மண்சரிவால் மூடப்பட்டது என்பதை அனர்த்த முகாமைத்துவ மத்திய நிலையம் நன்கறியும். மூடப்பட்ட நாளையும் நேரத்தையும் உறுதிப்படுத்தி மாவட்டச் செயலகம் வழங்கும் கடிதமொன்றை இலங்கையிலிருந்து பறக்கும் எல்லா நிறுவனங்களும் ஏற்று, அப்பகுதிப் பயணியை வராதவர் என்று பதியாது, தண்டமின்றித் திகதி மாற்றித் தர வேண்டும் எனச் சிவில் விமானச் சேவைகள் அதிகார சபை பணிக்கலாம். அனர்த்த காலங்களில் சில நிறுவனங்கள் தாமாகவே இவ்வாறு செய்வதுண்டு. அது சலுகை; கேட்கத் தெரிந்தவருக்குக் கிடைப்பது. 1985 முதல் இயங்கும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் பதிவு செய்த தொழிலாளர் விபரங்கள் உள்ளன. அதே கடிதத்தை எசமானருக்கும் அந்நாட்டிலுள்ள எமது தூதரகத்துக்கும் அனுப்பி விசா நீடிப்புக் கோருவது பணியகத்தின் வேலையாக இருக்க வேண்டும்.

பெரகலையில் மண் விழுந்தால் அதற்கு நாம் ஏன் நட்டப்பட வேண்டும் என்று விமான நிறுவனங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வெற்று இருக்கையோடு பறப்பது நட்டமே. ஆனால் நாம் கேட்பது இழப்பீடன்று. ஏற்கெனவே பணம் கட்டிய இருக்கையைப் பிறிதொரு நாளில் தருமாறே கேட்கின்றோம். போலிக் கடிதங்கள் வரும் என்ற அச்சத்துக்கும் இடமுண்டு. நாடாளாவிய மண்சரிவு எச்சரிக்கைகள் நாள், பிரதேசம் குறித்துப் பகிரங்கமாக வெளியிடப்படுகையில் சரிபார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.

மலையகத்துக்குப் பாராளுமன்றத்தில் பிரதிநிதிகள் உண்டு; ஊவாவில் தமிழ், முஸ்லிம் வாக்குகளைக் கேட்டு வராத கட்சியில்லை. சம்பளம், காணி, வீடு என்ற பெரும் பிரச்சினைகளுக்கிடையே விமானச் சீட்டு சிறு விடயமாகத் தோன்றலாம். ஆனால் இன்று பல லயன் அறைகளின் கூரைத் தகடும் பிள்ளைகளின் பாடசாலைச் செலவும் அச்சீட்டில் தங்கியிருக்கின்றன.

இக்கட்டுரையாளரின் அடுத்த பயணம் சனிக்கிழமை அதிகாலை விமானத்தில். வியாழன் இரவு 99 ஆம் இலக்க பஸ்ஸில் இருக்கை சொல்லியாயிற்று. மடுல்சீமையிலிருந்து அந்த அம்மா நேற்றுக் கடைக்கு வந்தார். மகளுக்கு ஒப்பந்தம் முடிகின்றதாம், டிசெம்பரில் வருகிறாளாம். பாதை எப்படியிருக்கும் முதலாளி என்று கேட்டார்.